நடக்காத போரின் நடுவர்

முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு நகரில் எட்டு வருஷம் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். அவரிடம் ஒரு புகார் கொண்டுபோனால் உடனே பதில் வராது. "எதிர்த்தரப்பையும் கூப்பிடுங்க" என்பார்.

டேங்க் வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர் ஓடிய ஒரு காலையில், மோட்டாரை நிறுத்த மறந்தது நானா பக்கத்துப் போர்ஷன் நர்ஸா என்று ஒரு சின்னச் சச்சரவு வந்தது. இருவரையும் கீழே வரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலில் அவள் சொன்னதைக் கேட்டார். பிறகு நான் சொன்னதை. நடுவில் பேசப்போன என் கணவரைக் கை காட்டி நிறுத்தினார். எல்லாம் முடிந்ததும், "டீச்சர் பக்கம்தான் தப்பு. இந்த வாரம் முழுக்க மோட்டார் போடுறதும் நிறுத்துறதும் டீச்சர் வீட்டுப் பொறுப்பு. அப்பீல் கிடையாது" என்று சொல்லி எழுந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தப்பு என்னுடையதுதான்.

வீட்டுக்காரர் செங்கல்பட்டில் ஒரு கோர்ட்டில் முப்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து, வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, சாட்சிகளைப் பெயர் சொல்லி அழைக்கச் செய்து, ஆவணங்களில் நம்பர் போட்ட மனிதர். முப்பது வருஷமும் தீர்ப்புக்குப் பக்கத்திலேயே இருந்தார், ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார் என்று அவர் மனைவி சொல்வார். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். அவரை சார் என்போம். அவருக்கு நான் டீச்சர். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் போய்விட்டார், மகன் இருக்கிறான். அவரால் அவனுக்குக் கிடைத்த பெயரே போதும்.

பட்டா விவகாரம் ஒன்று நடந்தது. பக்கத்து மனையை ஒரு பாய் வாங்கினார், பிளைவுட் கடை வைத்திருந்தவர். வீடு கட்டுமுன் அளந்து பார்த்தபோது, சாருடைய காம்பவுண்டு சுவர் பாயின் மனைக்குள் அரை அடி போயிருப்பது தெரிந்தது. பாய் பெரிதுபடுத்தவில்லை. "அரை அடிதானே சார், வுடுங்க. பக்கத்துல இருக்கப்போறோம், எதுக்கு?" என்றார்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. "அரை அடியோ அரை ஏக்கரோ, அடுத்தவன் எல்லைக்குள்ள நம்ம சுவர் நின்னா அது ஆக்கிரமிப்புதான் பாய்" என்றார். ஒரே வாரத்தில் தன் சுவரைத் தானே ஆள் வைத்து இடித்து, உள்ளே தள்ளிக் கட்டினார். அதற்காக ஆன்ட்டி வளர்த்த முருங்கை மரத்தை வெட்ட வேண்டியிருந்தது. காய்த்துக்கொண்டிருந்த மரம். ஆன்ட்டி என்னிடம், "ரெண்டு தரப்பையும் கேட்டாராம். மரத்தை யாரும் கேக்கல" என்றார்.

நகர் முழுக்க அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நானும் நம்பினேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் நியாயவான்தான். கேடு அங்கிருந்துதான் வந்தது.

ஒரே மகன், அவனைச் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். பாலிடெக்னிக் முடித்தவன் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், தேறிவிட்டு வந்து நின்றான். நாங்கள் குடிவருவதற்கு முன்பு நடந்தது இது. ஒரு வாரம் வீட்டில் விசாரணை நடந்ததாம். மகன் தன் தரப்பைச் சொன்னான். ஆன்ட்டி வேண்டாம் என்றார், அழுதார், சாப்பிடாமல் இருந்தார். ஏழாம் நாள் சார் தீர்ப்பு சொன்னார்: போகலாம். "எங்க வீட்டுல எனக்கும் ஒரு தரப்பு உண்டு டீச்சர். ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல" என்பார் ஆன்ட்டி, சிரித்துக்கொண்டே. அப்போது சிரித்துக்கொண்டு.

செந்தில் பாலம் கட்டுகிற, கண்ணிவெடி புதைக்கிற பிரிவில் இருந்தான். லீவில் வந்தால் மாடிக்கு வந்து என் கணவரோடு கேரம் ஆடுவான். அதிகம் பேசமாட்டான். தப்பாக ஸ்டிரைக்கர் பட்டால் தானே சொல்லி, காயைத் திரும்ப வைப்பான்.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பரில் டில்லியில் பாராளுமன்றத்துக்குள் புகுந்து சுட்டார்கள். அந்த மாதமே படைகள் எல்லைக்குப் போகத் தொடங்கின. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் வானத்தில் இரைச்சல் எங்களுக்குப் பழகிய ஒன்று. அந்த டிசம்பரில்தான் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். டீக்கடையில் சாரைப் பார்த்தால், "இன்னா சார், சண்டை வருமா வராதா?" என்று கேட்டார்கள். மகன் எல்லையில் இருக்கிறவரிடம் கேட்டால் தெரியும் என்று நினைத்தார்கள். செந்திலிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சார் அதைச் சொல்லவில்லை. "ஆலோசிக்கிறாங்க" என்பார், தன்னையும் கூட வைத்துக்கொண்டு ஆலோசிப்பதுபோல.

பொங்கலுக்கு நலச்சங்கத்தில் வருஷாவருஷம் பட்டிமன்றம். வழக்கமாக, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்பதுதான் தலைப்பு. அந்த வருஷம் செயலாளர் மாற்றினார். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவர் நோட்டீஸை அவரே அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். 'அண்டை நாட்டின் மீது போர் தொடுப்பது நியாயமே! நியாயமல்ல!' நடுவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

நியாயமே என்று பேச ஏழெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். நியாயமல்ல என்று பேச ஆள் இல்லை. டீச்சர்தானே, பேசிவிடுவார் என்று என்னைப் போட்டார்கள். பாயிடம் செயலாளர் போய், "நீங்க 'நியாயமே' அணியில பேசுங்க பாய். நீங்க பேசினா நல்லா இருக்கும்" என்றார். பாய் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். "தொண்டை கட்டியிருக்கு சார். சேர், டியூப்லைட் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். கூட்டம் தொடங்குமுன் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்குள் போனவர் வெளியே வரவில்லை.

நான் சுமாராகத்தான் பேசினேன். அகிம்சை என்றேன், குண்டு விழுந்த ஊர்களைச் சொன்னேன். ஜனங்கள் பொங்கல் எப்போது தருவார்கள் என்று அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைத்தட்டல் வாங்காமல் இறங்க மனமில்லாமல், கடைசியில் ஒரு போடு போட்டேன். "போர் வேணும் போர் வேணும்னு சொல்றீங்களே, உங்க வீட்டிலிருந்து யார் போறது? கை தூக்குங்க பார்ப்போம்!"

கைத்தட்டல் வந்தது. யார் நடுவர் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். குனிந்து ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு சொல்ல எழுந்தபோது அவர் குரல் ஏறவேயில்லை. அவருக்கு மேடைப்பேச்சு வராது. கட்டைப் பிரித்துப் படிப்பதுபோலச் சொன்னார். "நாலு கேள்வி எழுதிக்கிட்டேன். முதல்ல கை வச்சது யார்? அவங்க. பேசிப் பாத்தோமா? பாத்தோம். சும்மா இருந்தா நிக்குமா? நிக்காது. இதுவரைக்கும் சிரமமில்ல. நாலாவது டீச்சர் கேட்டது. யார் வீட்டிலிருந்து போறது? என் வீட்டிலிருந்து போயாச்சு. இருக்கிறது ஒரே பிள்ளை. இந்த நிமிஷம் எல்லையில நிக்கிறான். அவனை அங்க நிறுத்தி வச்சுக்கிட்டுதான் சொல்றேன். போர் தொடுப்பது நியாயமே."

கூட்டம் எழுந்து நின்றது. விசில் அடித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. முன்வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த ஆன்ட்டி கைதட்டவில்லை. மடியில் இருந்த பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னார். "அந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்க வேணாம் டீச்சர்."

"சும்மா ஒரு பேச்சுக்கு ஆன்ட்டி."

"தெரியும். அவருக்கு சும்மா பேச்சுன்னு ஒண்ணு கிடையாது."

மாசி மாதம் கீழே போன் வந்தது. செந்தில் உயிரோடு இருக்கிறான், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்றார்கள். சார் அன்றே ரயில் ஏறினார். பிறகு அவனை புனே ஆஸ்பத்திரிக்கு மாற்றியதும் ஆன்ட்டி அங்கே போய்த் தங்கினார். சார் மட்டும் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். கேட்டில் நான்கைந்து பேர் கூடி என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"ஷெல் அடிச்சிருக்கான்" என்றார்.

"போர் இன்னும் அறிவிக்கலையே சார்?"

"அறிவிச்சாத்தான் போரா?"

அதற்கு மேல் யார் கேட்பார்கள்? மறுநாள் செய்தி நகர் முழுக்கப் பரவியது. எதிரி அடித்த பீரங்கி ஷெல்லில் போன கால். சாருடைய வீட்டைத் தாண்டும்போது சிலர் செருப்பைக்கூட மெதுவாக வைத்து நடந்தார்கள்.

அதன்பின் அவர் போருக்காகக் காத்திருந்தார். இப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. காலையில் பேப்பர் விழும் சத்தம் கேட்டதும் கதவு திறக்கும். முதல் பக்கத்தைப் படிப்பார், மடிப்பார், மறுபடி பிரிப்பார். வெயில் காலம் போனது, மழை வந்தது. போர் வரவில்லை. ஐப்பசியில் ஒரு நாள், படைகளைத் திரும்ப அழைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படியடியில் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், ஆரம்பிக்காத ஒண்ணை எப்படி முடிக்கிறாங்க?"

"நல்லதுதானே சார், இன்னும் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைங்க..."

என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை விட்டேன். வழக்கில் தோற்றுப்போன கட்சிக்காரனைப் பார்த்திருக்கிறேன், அந்த முகம்.

செந்தில் டிசம்பரில் வந்தான். ஆட்டோவிலிருந்து ஊன்றுகோலோடு தானே இறங்கினான். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஏதேதோ வீரம், தியாகம் என்றார்கள். பாய் மட்டும் அருகே வந்து, "வலிக்குதா தம்பி?" என்றார். "ராத்திரியில இல்லாத கால்தான் பாய் வலிக்குது" என்றான் செந்தில். பாய் அவன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் வைத்துவிட்டு வந்தார்.

குடியரசு தினத்தன்று நலச்சங்கம் பாராட்டு விழா வைத்தது. கொடியேற்றி, சால்வை போர்த்தி, நகரின் பெயர் பொறித்த கேடயம் கொடுத்தார்கள். எதிரியின் குண்டைக் காலில் வாங்கிய சிங்கம் என்று செயலாளர் பேசினார். செந்தில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஏற்புரை வேண்டும் என்று மைக்கை அவனிடம் கொடுத்தார்கள். அவன் வேண்டாம் என்றான். வற்புறுத்தினார்கள்.

மைக்கை வாங்கினான். "எல்லாருக்கும் நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும். என்னை யாரும் சுடல. நாங்க கோதுமை வயல்ல கண்ணிவெடி புதைச்சுக்கிட்டிருந்தோம். விவசாயிங்களை அனுப்பிட்டு, அவங்க விதைச்ச வயல்லயே. அவசரம். எங்க புதைச்சோம்னு குறிச்சு வைக்கணும், ஆனா ஈரம்பட்டா மண்ணோட அதுவும் நகருது. அதுல ஒண்ணுலதான் கால் வச்சேன். நம்மளோடதுதான். நானே வச்சதாக்கூட இருக்கலாம். போர் எதுவும் நடக்கல சார். அதான்."

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சார் எழுந்தார். மகன் கையிலிருந்து மைக்கை மெல்ல, கிட்டத்தட்ட அன்பாக, வாங்கினார்.

"அடிபட்ட அதிர்ச்சியில அவனுக்கு ஞாபகம் கொஞ்சம் தப்பியிருக்கு. வந்ததிலிருந்து இப்படித்தான் மாத்தி மாத்திச் சொல்றான். மாடியில டீச்சர் இருக்காங்க, அவங்களுக்குத் தெரியும். இல்லையா டீச்சர்?"

நூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. செந்திலும் திரும்பினான். அவன் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்கூட என் கணவரோடு கேரம் ஆடி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தின் ஸ்கோரைச் சொன்னவன். நான் தலையாட்டினேன்.

ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வாடகைக்கு இருக்கிறோம் என்பதா, பெரியவர் மேடையில் நிற்கிறார் என்பதா, சுவர் இடித்தவர் பொய் சொல்லமாட்டார் என்று கூட்டம் நம்புவதைக் கெடுக்கக்கூடாது என்பதா. எதுவாக இருந்தாலும் தலையாட்டியது நான்தான். கூட்டம் பெருமூச்சு விட்டது. பாவம் பையன் என்றார்கள். அதன்பிறகு நகரில் செந்தில் என்ன சொன்னாலும், மழை வரும்போலிருக்கு என்று சொன்னாலும்கூட, ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

அப்பாவும் மகனும் பேசுவது நின்றது. சண்டை போடவில்லை. ஒரு நாள் கீழிருந்து டைப்ரைட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது, பிறகு நிற்கவேயில்லை. மனு. செந்திலின் காகிதங்களில் விபத்து என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு அலுவலகமாக எழுதினார். பதில் வந்தால் அதற்கு ஒரு மறுப்பு. மகனுக்கு என்று எதையும் கேட்கவில்லை. சொல் மட்டும்தான்.

ஒருமுறை மனுவின் இங்கிலீஷைப் பார்த்துக்கொடுக்கச் சொல்லி மாடிக்கு வந்தார். மேற்படி நாளில் இரு நாடுகளுக்கும் இடையே போர் நிலவியதாகவே கொள்ள வேண்டும் என்கிற மாதிரி ஒரு வாக்கியம். படித்துவிட்டுத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"சார், செந்தில் சொல்றதுதானே நிஜம்?"

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "நடந்தது வேற, தீர்ப்பு வேற டீச்சர்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். போர் நியாயம்னு சொன்னேன். என் பிள்ளையை வச்சுச் சொன்னேன். அந்தப் போர் நடந்திருந்து, அவன் கால் போயிருந்தா, நான் சொன்னதுக்கு நான் குடுத்தது அதுன்னு ஆகும். தாங்கிக்குவேன். நான் நியாயம்னு சொன்னது நடக்கவே இல்ல. கால் மட்டும் போச்சு. அப்ப கால் எதுக்குப் போச்சு? நீங்களே சொல்லுங்க, கணக்கு டீச்சர்தானே" என்றார்.

கமாவை ஒரு இடத்தில் மாற்றிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் செந்திலுக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. பஸ் ஏறி இறங்குவது சிரமம் என்று படப்பையில் வீடு பார்த்துக்கொண்டு போனான். ஆன்ட்டியும் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை என்னிடம் கொடுக்க வந்தபோது, "எத்தனை நாள்ல வருவீங்க ஆன்ட்டி?" என்றேன்.

"அவர் அவனை நம்பும்போது வரேன்" என்றார்.

வரவில்லை. சார் தானே சமைத்துக்கொண்டார். மகன் டில்லியில் ராணுவ அலுவலகத்தில் இருக்கிறான் என்று புதிதாகக் குடிவந்தவர்களிடம் சொன்னார். படப்பைக்கும் எங்கள் நகருக்கும் ஒரே பஸ்தான். ஒரு நாளும் அவர் அதில் ஏறியதாக நான் அறியவில்லை.

ஆனாலும் மற்றவர்களின் வழக்கு என்றால் அதே பழைய மனிதர்தான். சாக்கடை அடைத்துக்கொண்டது, குப்பை கொட்டினார்கள் என்று வருகிறவர்களுக்கு இரண்டு தரப்பையும் கேட்டுச் சரியாகத்தான் சொன்னார். பாயின் வீட்டுத் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்ததற்கு மூன்று நாள் அலைந்து ஆளைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வைத்தார். ஒரே ஒரு வழக்கில்தான் அவர் சாட்சியைத் தள்ளினார்.

இரண்டாயிரத்து எட்டில் நாங்கள் பெருங்களத்தூரில் பிளாட் வாங்கிப் போய்விட்டோம். அந்த நவம்பரில் மும்பையில் ஓட்டல்களுக்குள் புகுந்து சுட்ட மூன்று நாட்களும் எல்லோரும் டி.வி. முன்னால்தான் இருந்தோம். இரண்டாம் நாள் மதியம் சார் போன் செய்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை.

"பாக்கறீங்களா டீச்சர்?"

"பாக்கறேன் சார். கொடுமையா இருக்கு."

"இந்தத் தடவை விடமாட்டாங்க. அறிவிச்சே தீரணும். அறிவிச்சிட்டா, ரெண்டாயிரத்து ரெண்டுல நடந்ததும் இதோட தொடர்ச்சிதான்னு வாதாடலாம். ஒரே வழக்கு. செந்திலோடதையும் அதுல சேர்த்துடலாம்."

டி.வி.யில் ஒரு ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் சொல்வது புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் ஏதோ சாக்குச் சொல்லி போனை வைத்தேன். அவரை வெறுத்தது அந்த ஒரு நாள்தான். அப்போதும் போர் வரவில்லை.

அடுத்த வருஷம் கோடையில், பேப்பரைக் கையில் வைத்தபடியே வாசல் நாற்காலியில் போய்விட்டார். பாய்தான் முதலில் பார்த்தார். பாய்தான் படப்பைக்கும் எனக்கும் சொன்னார்.

நான் போனபோது தெருமுனையில் சங்கத்தின் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சாரின் போட்டோவுக்குக் கீழே, 'போர்க்களத்தில் காலை ஈந்த வீரரின் தந்தை' என்று பெரிய எழுத்தில். செந்தில் செயற்கைக் காலோடு ஆட்டோவிலிருந்து இறங்கி அதைப் படித்தான். பின்னால் இறங்கிய ஆன்ட்டியும் படித்தார்.

"அதைக் கழட்டு" என்றார் செயலாளரிடம்.

"ஆன்ட்டி, ஊரே அப்படித்தானே நினைச்சுகினு இருக்கு. இந்த நேரத்துல எதுக்கு?"

"ஊர் நினைக்கிறதாலதான் சொல்றேன். என் புள்ள பொய் சொல்லல. கழட்டு."

"இருக்கட்டும்மா, அவருக்கு அது வேணும்" என்றான் செந்தில்.

"எனக்கு வேணாம்" என்றார் ஆன்ட்டி. அந்த வீட்டில் அவர் தரப்பு ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன். கயிற்றை அறுத்து, பிளெக்ஸைச் சுருட்டி, யார் வீட்டு மாடியிலோ போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆன்ட்டி உள்ளே போனார். போய், சாரின் காலடியில் உட்கார்ந்து, சத்தமாக அழுதார்.

எல்லாம் முடிந்து, சுடுகாட்டிலிருந்து திரும்பிய செந்தில் பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது செந்தில்."

"விடுங்கக்கா." சற்று நேரம் காலை நீட்டித் தொடையைத் தடவிக்கொண்டிருந்தான். "அவருக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தாரில்ல, முதல் தடவை, அம்மா வரதுக்கு முன்னால. வார்டு முழுக்க எங்களை மாதிரிதான். கால் இல்லாதவன், கை இல்லாதவன், கண்ணு போனவன். அப்பா ஒரு நோட்டு வாங்கிட்டு வந்தார். ஒவ்வொரு கட்டிலா போய் உக்காந்து கேட்டார். தமிழ்ப் பசங்ககிட்டத் தமிழ்ல, மத்தவன்கிட்ட இங்கிலீஷ்ல, அதுவும் புரியாதவன்கிட்டப் பக்கத்து ஆளை வச்சு. பேர் என்ன, எந்த ஊர், எந்த இடத்துல, யார் சுட்டதுன்னு. ரெண்டு நாள் கேட்டார். எல்லாத்தையும் எழுதிக்கிட்டார்."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? புதைக்கும்போது வெடிச்சுது. எடுக்கும்போது வெடிச்சுது. வண்டியில ஏத்தும்போது வெடிச்சுது. எதிரியைப் பாத்தவன் ஒருத்தன்கூட இல்ல." செந்தில் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டாம் நாள் சாயங்காலம் என் கட்டிலுக்கு வந்தார். நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டார். எங்கப்பா அழுது நான் அன்னிக்குத்தான்கா பாத்தேன். 'இத்தனை பேரைக் கேட்டுட்டேன்டா. போருக்கு ஒரு சாட்சிகூட இல்லையே'ன்னார்."